நேரத்துக்கு வந்த ரயிலைப் பற்றி யார் பேசுவார்?

காலை 6 மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்காருவது என் வேலை. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே சாலை நிலவரம் சொல்வேன், ரயில் நிலவரம் சொல்வேன். இந்தத் தடத்தில் 20 நிமிடம் தாமதம், அந்த நிலையத்தில் மின்தடை என்று இத்தனை வருடங்களில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. ‘இன்று எல்லா ரயில்களும் நேரத்துக்கு ஓடுகின்றன’ என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

சில மாதங்களுக்கு முன் நேயர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். வயதான குரல். “ஏம்மா, ரயிலு லேட்டானாத்தான் உங்க வாயில வருமா? ஒழுங்கா ஓடுன நாள்ல அத யாரும் ஓட்டலையா?” அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை.

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதோடு சேர்ந்து நினைவுக்கு வந்தது நம் ஊர் ரயில் அல்ல. 2011இல் ஊடகத் துறையில் முதுகலை படிக்க லண்டன் போயிருந்தேன். ஓராண்டு முழுக்கத் தினமும் ஏறி இறங்கிய, தினமும் மனதுக்குள் திட்டிய ரயில் ஒன்று அங்கே இருந்தது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான்: கிளாஸ் 313.

நான் தங்கியிருந்தது வடக்கு லண்டனில், பாமர்ஸ் கிரீன் பக்கம். கல்லூரி ஓல்ட் ஸ்ட்ரீட் அருகே. வாரத்தில் மூன்று நாள், வகுப்புக்கு முன்னால், அதற்கு அடுத்த நிலையமான மூர்கேட்டில் ஒரு காபிக் கடையில் பகுதி நேர வேலை. மூர்கேட்தான் அந்தத் தடத்தின் கடைசி நிலையம். மூன்று பெட்டி ரயில். கூட்ட நேரத்தில் இரண்டைச் சேர்த்து ஆறு பெட்டியாக்குவார்கள். குளிர்சாதனம் இல்லை. கழிப்பறை இல்லை. சனி, ஞாயிறுகளில் மூர்கேட் பக்கம் வரவே வராது. கிங்ஸ் கிராஸ் போய்விடும். எனக்கு அப்போது 23 வயது. அந்த ரயில் என்னைவிட 12 வயது மூத்தது. ‘லண்டன் போய் இந்தக் கிழட்டு ரயிலிலா ஏறணும்’ என்று அம்மாவிடம் தொலைபேசியில் புலம்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் முதல் வாரத்திலேயே என் கவனத்தை இழுத்தது. மூர்கேட்டுக்குப் போகும் வழியில் டிரேட்டன் பார்க் என்றொரு சின்ன நிலையம். அங்கே ரயில் நின்றதும், காலடியில் ஓயாமல் முனகிக்கொண்டிருந்த இயந்திர ஒலி சட்டென்று அடங்கிவிடும். சில விநாடிகள் பெட்டிக்குள் நாளிதழ் புரட்டும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு முனகல் மறுபடி தொடங்கும், ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும். வானொலிக்காரர்களுக்கு நிசப்தம் என்றால் பயம். ‘டெட் ஏர்’ என்போம், அப்படியென்றால் எங்கோ கோளாறு. ஆனால் இங்கே தினமும் நிசப்தம், தினமும் அதே இடத்தில். யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. என்ன நடக்கிறது என்று தேடிப் பார்த்தபோதுதான் இந்த ரயிலின் கதை கிடைத்தது.

மேலே கம்பி, கீழே தண்டவாளம்

நமக்குத் தெரிந்த இரண்டு ரயில்களை எடுத்துக்கொள்வோம். கேடிஎம் கொமுட்டருக்கு மின்சாரம் மேலிருந்து வருகிறது. தடத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம். ரயிலின் கூரையில் மடங்கி விரியும் இரும்புக் கை ஒன்று அதைத் தொட்டு எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரில் வடக்கு - தெற்கு, கிழக்கு - மேற்கு எம்ஆர்டி தடங்களில் மேலே கம்பியே இருக்காது. ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம். அதில் 750 வோல்ட் நேர்திசை மின்சாரம். ரயிலின் அடியில் இருக்கும் ஒரு பட்டை அதை உரசியபடியே போகும்.

இரண்டும் வேறு வேறு உலகம். ஒன்றுக்காகச் செய்த ரயில் மற்றதில் ஓடாது. இந்த இரண்டிலும் ஓட வேண்டும் என்று பிரிட்டனில் முதன்முதலில் செய்யப்பட்ட ரயில்தான் 313. வடக்குப் புறநகர்களிலிருந்து மேல்கம்பியின் கீழ் வரும். டிரேட்டன் பார்க்கில் நின்று, கூரையில் இருக்கும் கையை மடக்கிக்கொண்டு, மூன்றாம் தண்டவாளத்துக்கு மாறும். எனக்குக் கேட்ட நிசப்தம் அந்த மாற்றத்தின் நிசப்தம்தான்.

எதற்கு இத்தனை சிரமம்? சுரங்கத்துக்குள் மேல்கம்பி கட்ட இடம் இல்லை. அந்தச் சுரங்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது.

வாசல் வரை வந்து நின்ற சுரங்கம்

1900களின் தொடக்கத்தில் வடக்கு லண்டன் புறநகர்களிலிருந்து நகரத்தின் வணிக மையத்துக்கு வேலைக்கு வருவோர் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. புறநகர் ரயில்கள் ஃபின்ஸ்பரி பார்க் வரை வந்து, அங்கிருந்து பூமிக்கு அடியில் நேராக மூர்கேட்டுக்குப் போய்விட்டால் எப்படி இருக்கும் என்பது யோசனை. அதற்காகவே ஒரு தனியார் நிறுவனம் சுரங்கம் தோண்டியது. லண்டனின் மற்ற குழாய்ச் சுரங்கங்கள் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம்தான். இதை மட்டும் 16 அடி, அதாவது கிட்டத்தட்ட 5 மீட்டர் விட்டத்தில் தோண்டினார்கள். முழு அளவு ரயில் உள்ளே போக வேண்டுமே!

1904 பிப்ரவரியில் தடம் திறக்கப்பட்டது. ஆனால் புறநகர் ரயில்களின் சொந்தக்காரரான கிரேட் நார்தர்ன் நிறுவனம் அதற்குள் மனம் மாறியிருந்தது. தன் ரயில்களை அந்தச் சுரங்கத்துக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டது. இணைப்புத் தடம் போடப்படவில்லை. ஆக, பெரிய ரயிலுக்காகத் தோண்டிய சுரங்கம், ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்துக்கு அடியிலேயே வந்து நின்றது. மேலே ஒரு ரயிலில் வந்து இறங்கி, படிகளில் இறங்கி, கீழே இன்னொரு ரயிலில் ஏற வேண்டும்.

1913இல் அந்தச் சுரங்கத்தை மெட்ரோபாலிட்டன் ரயில்வே வாங்கியது. பிறகு அது லண்டன் பாதாள ரயில் அமைப்பிடம் வந்தது. 1930களில் மேலேயுள்ள தடங்களோடு இணைக்கத் திட்டம் போட்டார்கள். போர் வந்து தடுத்தது. 1964இல் விக்டோரியா தடத்தின் கட்டுமானத்துக்காக ஃபின்ஸ்பரி பார்க் முனையையும் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது டிரேட்டன் பார்க்கிலிருந்து மூர்கேட் வரை ஐந்தே நிலையங்கள் கொண்ட குட்டித் தடம். அகலமான சுரங்கத்துக்குள் சின்னஞ்சிறு குழாய் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தச் சின்ன ரயில்களில் ஒன்றுதான் 1975இல் திரும்பி வரவில்லை. அதை எனக்குச் சொன்னது புத்தகம் அல்ல, மனிதர்.

அந்த வெள்ளிக்கிழமை

நான் வேலை செய்த காபிக் கடைக்குப் பக்கத்தில் நாளிதழ், மிட்டாய் விற்கும் ஒரு சின்னக் கடை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அங்கே இருப்பார். வயது 65 இருக்கும். தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் தினமும் இரண்டு வார்த்தை பேசுவார். ஒருநாள் கேட்டார்:

“பிள்ளை, நீர் முன் பெட்டியிலையோ வாறனீர்?”

“ஆமா அங்கிள். அதுலதான் உட்கார இடம் கிடைக்கும்.”

“எனக்கு முப்பத்தாறு வருஷமா முன் பெட்டி வேண்டாம். எழுபத்தஞ்சிலை இஞ்சை நடந்தது உமக்குத் தெரியாதோ?”

எனக்குத் தெரியாது. அந்த நிலையத்தில் அதுவரை எத்தனையோ முறை இறங்கியிருந்தேன். அவர் அப்போது பக்கத்து அலுவலகம் ஒன்றில் கணக்கர். “அண்டைக்கு முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும்தான் பிள்ளை” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. மீதியை நானே படித்தேன்.

1975 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. காலை 8:46 மணி, அலுவலகம் போகும் கூட்டம். டிரேட்டன் பார்க்கிலிருந்து வந்த ஆறு பெட்டி ரயில் மூர்கேட்டின் 9ஆம் நடைமேடைக்குள் நுழைந்தது. கடைசி நிலையம் என்பதால் வேகம் தணிந்து நிற்க வேண்டும். தணியவில்லை. நடைமேடையைக் கடந்து, அதற்கு அப்பால் இருந்த மணல் குவியலையும் தடுப்பையும் இடித்துக்கொண்டு, சுரங்கத்தின் முட்டுச் சுவரில் போய் மோதியது. 15 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள முதல் பெட்டி, ஏறக்குறைய 6 மீட்டராக நசுங்கியது. ஓட்டுநரையும் சேர்த்து 43 பேர் இறந்தார்கள். 70க்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். லண்டன் பாதாள ரயிலின் வரலாற்றில், போர்க்காலம் தவிர்த்து, இதுவே மிக மோசமான விபத்து.

உயிரோடு சிக்கியவர்களை மீட்கவே அன்று இரவாகிவிட்டது. கீழே காற்றோட்டம் இல்லை. வெப்பம் 49 டிகிரி வரை ஏறியது. ஓட்டுநரின் உடலை எடுத்தபோது நான்கு நாள் கழிந்திருந்தது.

ஏன் நடந்தது? இன்றுவரை விடை இல்லை. ரயிலில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஓட்டுநர் கையை எடுத்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் கைப்பிடி அதில் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. நடைமேடையில் நின்றவர்கள், அவர் இருக்கையில் நேராக உட்கார்ந்து முன்னே பார்த்தபடி இருந்தார் என்று சாட்சி சொன்னார்கள். அவருக்கு வயது 56. மகளுக்குக் கார் வாங்குவதற்காக எடுத்து வந்த பணம் அவரிடம் இருந்தது. தற்கொலை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை, உடல்நலக் குறைவு என்று உறுதியாகச் சொல்லவும் ஆதாரம் இல்லை. விசாரணை, விபத்து மரணம் என்று முடித்தது.

காரணம் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். முட்டுச் சுவரில் முடியும் நிலையங்களுக்குள் ரயில் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்தால், ஓட்டுநர் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் ரயிலைத் தானாகவே நிறுத்தும் ஏற்பாடு பாதாள ரயில் தடங்களில் வந்தது. ரயில்காரர்கள் அதை மூர்கேட்டின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

72 ஆண்டு கழித்து

விபத்தால்தான் 313 பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வடக்குப் புறநகர்களை மின்மயமாக்கி, அந்தப் பழைய சுரங்கத்தை பிரிட்டிஷ் ரயிலுக்கு மாற்றித் தரும் திட்டம் 1971இலேயே முடிவாகிவிட்டது. விபத்து நடந்தபோது வேலைகள் நடந்துகொண்டிருந்தன. 1975 அக்டோபரில் பாதாள ரயில் அங்கிருந்து விடைபெற்றது. 1976 ஆகஸ்டில் முதல் 313 ரயில்கள் சுரங்கத்துக்குள் ஓடின. நவம்பரில் புறநகர்களிலிருந்து ஃபின்ஸ்பரி பார்க் வழியாக மூர்கேட் வரை, இடையில் மாறாமல், முழுச் சேவை தொடங்கியது. 1904இல் எதற்காகச் சுரங்கம் தோண்டினார்களோ, அது 72 ஆண்டு கழித்து நடந்தது.

யார்க் நகரத்தின் தொழிற்சாலையில் 1976, 1977ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டவை மொத்தம் 64 ரயில்கள். அதற்கு முன்னால் 1970களின் தொடக்கத்தில் மூன்றே மூன்று மாதிரி ரயில்களைச் செய்து, தெற்கு லண்டன் தடங்களில் உண்மையான பயணிகளை ஏற்றி ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அந்தச் சோதனையில் கற்றதெல்லாம் 313இல் இருந்தது.

இன்று நமக்கு அதிசயமாகத் தெரியாதவைதான். பழைய பிரிட்டிஷ் புறநகர் ரயில்களில் வரிசைக்கு வரிசை கதவு இருக்கும். பயணியே திறப்பார், இறங்குவார், அறைந்து சாத்துவார். ரயில் நிற்பதற்குள் திறந்து குதிப்பவர்களும் உண்டு. அப்படி அடிபட்டவர்களும் உண்டு. 313இல் மின்விசையால் நகரும் அகலக் கதவுகள் வந்தன. முன்பெல்லாம் இரண்டு ரயில்களைச் சேர்க்க ஒருவர் தடத்தில் இறங்கி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று, குழாய்களையும் கம்பிகளையும் கையால் மாட்ட வேண்டும். 313இல் ரயிலை மெதுவாகக் கொண்டுபோய் முட்டினால் போதும். இணைப்பும் பிரேக்கும் மின்சாரமும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஒரு தொழிலாளி ரயில்களுக்கு நடுவே நிற்க வேண்டிய அபாயம் அதோடு போயிற்று.

இன்னொன்று, முன்பக்கக் கதவு. ஓட்டுநர் அறையின் முகப்பு நடுவே ஒரு கதவு இருக்கும். அதை ஒருநாளும் திறந்து நான் பார்த்ததில்லை. எதற்கு என்றும் யோசித்ததில்லை. ரயில் போனால் சுரங்கம் நிறைந்துவிடும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து இறங்க அங்கே இடம் இருக்காது. ஏதாவது நடந்தால் பயணிகளை முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோதான் தடத்தில் இறக்க முடியும். அதற்காகத்தான் அந்தக் கதவு. யாழ்ப்பாணத்து அங்கிளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நல்லது பிள்ளை. திறக்க வேண்டி வராமல் இருக்கட்டும்” என்றார்.

313இன் வடிவம் வெற்றி பெற்றதால் அதே அச்சில் இன்னும் நான்கு வகை ரயில்கள் வந்தன. கிளாஸ்கோவுக்கு 314, லண்டனின் கிழக்குப் பக்கத்துக்கு 315, லிவர்பூல் சுற்றுவட்டாரத்தில் 507, 508. ஐந்து வகையும் சேர்த்து 217 ரயில்கள். நான்கு பத்தாண்டுக் காலம் அந்தந்த ஊர் மக்களை வேலைக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய், வீட்டில் கொண்டுவந்து விட்டவை. அந்த ஊர்களுக்கு வெளியே யாருக்கும் அவற்றின் பெயர் தெரியாது.

கடற்கரையில் வந்த வம்பு

ரயில் ஒரே இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கவில்லை. சில 313கள் யூஸ்டன் - வாட்ஃபர்ட் தடத்துக்கும் வடக்கு லண்டன் தடத்துக்கும் போயின. அங்கே புதிய ரயில்கள் வந்ததும், 2010இல், 19 ரயில்களைத் தென்கடற்கரைக்கு அனுப்பினார்கள். பிரைட்டன் நகரிலிருந்து சீஃபர்ட் பக்கமும் போர்ட்ஸ்மத் பக்கமும் ஓடும் சேவைகள் அவை. அங்கே எல்லாம் மூன்றாம் தண்டவாளம்தான், மேல்கம்பியே கிடையாது. அதனால் ரயிலில் பாதிக் கருவிகளுக்கு வேலை இல்லாமல் போனது.

புகார் வந்தது வேறொன்றுக்கு. கழிப்பறை!

1976இல் இந்த ரயிலைத் திட்டமிட்டவர்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நகரப் பயணத்தைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். நிறைய பேர் நிற்க இடம், விரைவாக ஏறி இறங்கக் கதவு, இவைதான் முக்கியம். கழிப்பறை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். பிரைட்டனிலிருந்து போர்ட்ஸ்மத்துக்குக் கடற்கரையோரம் எல்லா ஊரிலும் நின்று நின்று போனால் அதைவிட நேரமாகும். முதியவர்கள், குழந்தையோடு வரும் தாய்மார்கள், நோயாளிகள் என்ன செய்வார்கள்? அதுவும் அதற்கு முன் அங்கே ஓடியவை கழிப்பறை உள்ள புதிய ரயில்கள். அவற்றை எடுத்துக்கொண்டு, 34 வயது ரயிலைத் தந்தால் மக்கள் சும்மா இருப்பார்களா? உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது.

அவர்கள் கோபம் நியாயமானது. இதில் ரயிலைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு வேலைக்காகச் செய்ததை, மிச்சம் பிடிக்க வேறொரு வேலைக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும். நம் ஊரிலும் பார்க்கிறோம். பொதுப் போக்குவரத்தில் எடுக்கும் முடிவுகள் காகிதத்தில் எண்களாக இருக்கும். அவை மக்களிடம் வந்து சேரும்போது, வயதான ஒருவர் அடுத்த நிலையத்தில் இறங்கிக் கழிப்பறையைத் தேடி ஓடுவதாக மாறிவிடும்.

ஆனாலும் அந்தக் கடற்கரையில் 313 இன்னும் 13 ஆண்டுகள் ஓடியது. கடைசிக் காலத்தில், தீவுகளையும் பாதாள ரயிலையும் விட்டுவிட்டுப் பார்த்தால், பிரிட்டனின் தேசிய ரயில் பாதைகளில் தினசரி ஓடிக்கொண்டிருந்த மின்சார ரயில்களில் மிகவும் மூத்தது அதுதான். 2023 மே மாதம் ஓய்வு கொடுத்தார்கள். ஏறக்குறைய 47 ஆண்டு உழைப்பு.

கடைசி வேலை

மூர்கேட் தடத்தில் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 2019 செப்டம்பரோடு 313கள் அங்கிருந்து போயின. சீமென்ஸ் நிறுவனத்தின் கிளாஸ் 717 வந்தது: 25 ரயில்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பெட்டிகள், குளிர்சாதனம், வைஃபை, கைப்பேசிக்கு மின்செருகி. கழிப்பறை அதிலும் இல்லை. முகப்பில் அவசரக் கதவு மட்டும் இருக்கிறது. அதே சுரங்கம், அதே தேவை.

அந்த ஆண்டு இறுதியில் ஒரு வாரம் லண்டன் போக வாய்ப்புக் கிடைத்தது. பழைய ரயிலில் ஒருமுறை ஏறலாம் என்று ஆசை. இரண்டு மாதம் தாமதமாகிவிட்டேன். புதிய ரயிலில் உட்கார்ந்து டிரேட்டன் பார்க் வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன். குளிர்சாதன ஒலியில் எதுவும் பிரித்துத் தெரியவில்லை. மூர்கேட்டில் அங்கிளின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றார்கள். அவரைப் பற்றி விசாரிக்கலாம் என்றால், பெயர் தெரியாது. ஓராண்டு முழுக்கப் பேசியிருக்கிறேன்; அங்கிள் என்றே அழைத்துப் பழகிவிட்டேன். ஒருநாளும் கேட்டதில்லை.

நிலையத்திலிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் ஃபின்ஸ்பரி சதுக்கம். அங்கே 1975 விபத்தில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக் கல் நிற்கிறது. 2013இல்தான் அதை வைத்தார்கள், 38 ஆண்டு கழித்து. நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் அது இல்லை. மதிய உணவோடு வந்த அலுவலக ஊழியர்கள் சிலர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

கிளாஸ் 313இன் கதையில் இன்னும் ஒரு பகுதி மிச்சமிருக்கிறது. 64 ரயில்களில் ஒன்றை மட்டும் பயணிகள் சேவையிலிருந்து எடுத்து, 2013 முதல் சோதனை ரயிலாக மாற்றினார்கள். நான் போய்வந்த அதே ஹார்ட்ஃபர்ட் தடத்தின் வடக்கே, ஒரு சிறு பகுதியில் அது முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. சோதித்தது ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறை ஒன்றை. பாதையோரம் சிவப்பு, பச்சை விளக்கைப் பார்த்து ஓட்டுவதற்குப் பதிலாக, இந்த இடத்தில் இவ்வளவு வேகம்தான், இதுவரைதான் போகலாம் என்று ஓட்டுநரின் முன்னே உள்ள திரையில் தெரியும். மீறினால் ரயில் தானாகவே பிரேக் போடும். விளக்கு இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, தடம் முழுக்க, ஒவ்வொரு விநாடியும் கண்காணிப்பு.

2025 மே மாதம், ஃபின்ஸ்பரி பார்க்குக்கும் மூர்கேட்டுக்கும் இடையே பாதையோர விளக்குகளையே எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் அன்றாடப் பயணிகள் தடம் ஒன்று இப்படி விளக்கில்லாமல் ஓடுவது இதுவே முதல்முறை. 43 பேர் இறந்த அதே தடம். அந்த வெள்ளிக்கிழமை அந்த ஓட்டுநருக்கு என்ன ஆயிற்று என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இனி ஒருவருக்கு அப்படி ஆனால், ரயிலின் வேகத்தைக் கவனித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அதை முதலில் பழகிப் பார்க்க உதவியது, நான் ‘கிழட்டு ரயில்’ என்று அம்மாவிடம் புலம்பிய ரயில்களில் ஒன்று.

அந்த நேயரின் குரல் பதிவுக்கு நான் உடனே பதில் அனுப்பவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரயில் நேரத்துக்கு வருவது செய்தி அல்லதான். ஆனால் அது தானாக நடப்பதும் அல்ல. விடிவதற்குள் தடத்தைச் சரிபார்த்தவர் ஒருவர், கதவைச் சோதித்தவர் ஒருவர், ஓட்டியவர் ஒருவர். அவர்களுக்கு முன்னே, ஒருநாளும் திறக்க வேண்டி வராத கதவை வரைந்து வைத்தவர் ஒருவர். இவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்த நாளில்தான் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போகிறது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. நிலவரக் குறிப்பைப் பார்த்தேன், எதுவும் இல்லை. வழக்கமாக அப்படியே பாட்டுக்குப் போய்விடுவேன். அன்று ஒலிவாங்கியைத் திறந்து, “காலை மணி 7:10. எல்லாத் தடங்களிலும் ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன. ஓட்டுபவர்களுக்கு நன்றி” என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தலை நிமிர்ந்து, என்ன என்பது போலக் கையைக் காட்டினார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன்.